தீநிரல்கள்: வகைகளும் வழிகளும்

வைரஸ், வோர்ம், ட்ரோஜன், ஸ்பைவேர், ரான்சம்வேர் என்று பல பெயர்கள் நாளிதழ்களில் அடிபடுகின்றன. கணிப்பொறியையும் கைப்பேசியையும் அன்றாடம் கையாளும் நம்மில் பலர் இவை அனைத்தையும் ‘வைரஸ்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டுவிடுகிறோம். பேச்சு வழக்கிற்கு அது போதும், தற்காப்பிற்குப் போதாது. டெங்குவும் டைபாய்டும் இரண்டுமே காய்ச்சல்தான். ஆனால் ஒன்றைத் தடுக்கக் கொசுவை ஒழிக்க வேண்டும்; மற்றொன்றைத் தடுக்கக் குடிநீரைக் காய்ச்ச வேண்டும். நோய் வரும் வழி தெரிந்தால்தான் அதை அடைக்க முடியும். தீங்கு செய்வதற்கென்றே எழுதப்படும் நிரல்களுக்கும் இது பொருந்தும். இவற்றின் பொதுப்பெயர் ‘மால்வேர்’. இக்கட்டுரையில் தீநிரல் என்று அழைப்போம்.

கணிப்பொறி ஏன் கீழ்ப்படிகிறது?

நிரல் என்பது கட்டளைகளின் வரிசை. கணிப்பொறிக்கு நல்ல கட்டளை, கெட்ட கட்டளை என்ற வேறுபாடு இயல்பாகத் தெரியாது. ஒரு நிரலை யார் இயக்கினாரோ, பெரும்பாலும் அவருடைய அதிகாரம் முழுவதும் அந்நிரலுக்குக் கிடைத்துவிடுகிறது. நீங்கள் ஒரு கோப்பை அழிக்க முடியுமென்றால், நீங்கள் இயக்கிய நிரலும் அதை அழிக்க முடியும். எனவே தீநிரல் எழுதுபவனின் முதல் வேலை ஒன்றுதான்: தன் கட்டளைகளை உங்கள் கணிப்பொறி ஒரு முறையாவது நிறைவேற்றும்படி செய்துவிடுவது.

எந்தத் தீநிரலைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அது எப்படி நுழைகிறது? நுழைந்தபின் என்ன செய்கிறது? எப்படி ஒளிந்திருக்கிறது? செய்தித்தாளில் காணும் பெயர்கள் குழப்பம் தருவதற்குக் காரணம், ஒவ்வொரு பெயரும் இவற்றுள் வெவ்வேறு கேள்விக்கு விடையாக அமைந்திருப்பதே. வைரஸ், வோர்ம், ட்ரோஜன் ஆகியவை முதல் கேள்விக்குரியவை. ஸ்பைவேர், ரான்சம்வேர், பாட்நெட் ஆகியவை இரண்டாவதற்குரியவை. ரூட்கிட் மூன்றாவதற்குரியது. ஆகவே ஒரே தீநிரலுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருப்பதில் வியப்பில்லை.

முதல் கேள்வி: எப்படி நுழைகிறது?

வைரஸ் தனித்து இயங்காது. வேறொரு நிரலிலோ ஆவணத்திலோ ஒட்டிக்கொண்டு, அதை நாம் திறக்கும்போது தானும் உயிர் பெறும். ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளைத் தாக்கிய முதல் வைரஸ் எனக் கருதப்படும் ‘பிரெயின்’, 1986-இல் லாகூரில் இரு சகோதரர்களால் எழுதப்பட்டது. கணிப்பொறி இயங்கத் தொடங்கும்போது பிளாப்பித் தட்டில் முதலில் படிக்கும் பகுதியில் அது குடியேறியது. பிறகு அந்தக் கணிப்பொறியில் செருகப்படும் மற்றத் தட்டுகளிலும் தன்னைப் பதித்துக்கொண்டது. தட்டைக் கையில் எடுத்துச் சென்றவர்களே அதன் வாகனம். 1999 மார்ச்சில் பரவிய ‘மெலிசா’, வேர்ட் ஆவணத்திற்குள் இருக்கும் மேக்ரோ என்னும் சிறு நிரல் வடிவில் வந்தது. ஆவணத்தைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டது.

வோர்ம் எனப்படும் புழுவுக்கு யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. வலைப்பின்னலில் இணைந்துள்ள கணிப்பொறிகளின் மென்பொருளில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடி, தானே நுழைந்துவிடும். 1988 நவம்பர் 2-ஆம் நாள் ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் வெளியிட்ட புழு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது பயன்படுத்திய வழிகளில் ஒன்றைப் பாருங்கள். யூனிக்ஸ் கணிப்பொறிகளில் இருந்த ஒரு சேவை நிரல், வெளியிலிருந்து வரும் வினாவைப் பெற்றுக்கொள்ள 512 பைட்டு இடம் ஒதுக்கியிருந்தது. வருவது அந்த அளவுக்குள் உள்ளதா என்று அது சரிபார்க்கவில்லை. புழு 536 பைட்டுகளை அனுப்பியது. மிகுதியானவை ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, ‘அடுத்து எந்தக் கட்டளைக்குச் செல்ல வேண்டும்’ என்று குறித்து வைத்திருந்த இடத்தின் மேல் எழுதப்பட்டன. அங்கே புழு தன் கட்டளைகளின் முகவரியை எழுதிவிட்டது. கணிப்பொறியும் அதையே பின்பற்றியது. படிவத்தில் பெயர் எழுதும் கட்டத்தைத் தாண்டி, கீழே அதிகாரி உத்தரவு எழுத வேண்டிய இடத்திலும் விண்ணப்பதாரரே எழுதிவிடுவதைப் போன்றது இது. அன்று இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணிப்பொறிகளில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

ட்ரோஜன் நல்லவன் வேடத்தில் வருவது. கிரேக்கக் கதையில் மரக்குதிரையை ட்ராய் நகரத்தாரே உள்ளே இழுத்துச் சென்றதால் இப்பெயர். 1989-இல் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் நிரல் என்று சுமார் 20,000 பிளாப்பித் தட்டுகள் பல நாடுகளுக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. அந்நிரலை நிறுவிய கணிப்பொறி 90 முறை இயக்கப்பட்டதும் கோப்புகளின் பெயர்கள் உருக்குலைந்தன. பனாமா நாட்டு அஞ்சல் பெட்டி ஒன்றுக்கு 189 டாலர் அனுப்பும்படி அறிவிப்பு வந்தது. 

இன்று அதே தந்திரம் கைப்பேசிக்கு வந்துள்ளது. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு, வங்கியின் கே.ஒய்.சி. படிவம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப் மூலம் ஒரு கோப்பு வரும். அதன் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடியும். அழைப்பிதழ் என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ இருக்க வேண்டும். ஏ.பி.கே. என்பது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் நிரல். அதை நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். ‘சரி’ என்று தொட்டுவிட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் நம் கண்ணில் படுமுன் கள்ளனிடம் போய்ச் சேரும். ‘ஓ.டி.பி.யை நான் யாரிடமும் சொல்லவேயில்லையே’ என்று பணம் இழந்தவர்கள் சிலர் கூறுவது பொய்யல்ல. அவர்கள் சொல்லவில்லை, கைப்பேசி சொல்லிவிட்டது.

இரண்டாம் கேள்வி: என்ன செய்கிறது?

முதலாவது, வேவு பார்ப்பது. ஸ்பைவேர் கோப்புகளையும், செல்லும் தளங்களையும், தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்து வெளியே அனுப்பும். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான, இணையத்துடன் இணைந்த கணிப்பொறி ஒன்றில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலைப்பின்னல் தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் தெரிவித்தது. இரண்டு வலைப்பின்னல்களுக்கு நடுவே சுவர் இருப்பதன் அருமை இதில் விளங்கும்.

இரண்டாவது, பணயம் வைப்பது. ரான்சம்வேர் கோப்புகளைத் திருடுவதோடு நிற்பதில்லை. அவற்றை உரியவரே படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிடும். இதில் இரண்டு சாவிகள் உண்டு. பூட்டும் சாவி தீநிரலுடன் வரும். திறக்கும் சாவி கள்ளனிடமே இருக்கும். ஆகவே தீநிரலை அப்புறப்படுத்தினாலும் பூட்டு திறக்காது. 2022 நவம்பர் 23 அன்று நம் தலைநகரின் எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்தது இதுவே. நோயாளிகள் பதிவு, ஆய்வக முடிவுகள், கட்டணச் சீட்டு எல்லாம் கையால் எழுதப்பட்டன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டன என்றும், வலைப்பின்னல் முறையாகப் பகுக்கப்படாததால் தாக்குதல் நிகழ்ந்தது என்றும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பெரும்பாலான சேவைகள் மீள இரண்டு வாரங்கள் ஆயின. தொலைதூரத்திலிருந்து வந்து வரிசையில் நிற்கும் நோயாளிக்கு இரண்டு வாரம் என்பது சிறிய காலமா? ஆனால் பாதிக்கப்படாத ஒரு சர்வரில் நகல் இருந்தது. அதிலிருந்தே தகவல்கள் மீட்கப்பட்டன. நகல் இல்லாதிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

மூன்றாவது, அடிமையாக்குவது. தீநிரல் புகுந்த பல கருவிகளைத் தொலைவிலிருந்து ஒருவன் ஆட்டிவைப்பது பாட்நெட். 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல் கண்காணிப்புக் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்தது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை வாங்கியவர்கள் மாற்றாததே அதற்குக் கதவைத் திறந்தது. அப்படிச் சேர்த்த படையைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய இணையத் தளங்கள் முடக்கப்பட்டன. கேமராக்காரருக்கோ தம் கேமரா நன்றாக இயங்குவதாகவே தோன்றியிருக்கும்.

மூன்றாம் கேள்வி: எப்படி ஒளிந்திருக்கிறது?

இயக்க அமைப்பின் அடித்தளத்திலேயே புகுந்து, ‘இங்கே அந்நிய நிரல் ஏதும் இல்லை’ என்று இயக்க அமைப்பையே பொய் சொல்ல வைப்பது ரூட்கிட். 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’, ஈரானின் நத்தான்ஸ் அணு எரிபொருள் நிலையத்தில் சுழலும் இயந்திரங்களின் வேகத்தை மாற்றிக் கெடுத்தது. ஆனால் கண்காணிப்போர் திரையில் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகக் காட்டியது. வெளி இணையத்துடன் தொடர்பில்லாத அந்த நிலையத்திற்குள் அது யு.எஸ்.பி. நினைவகம் வழியாகச் சென்றதாகக் கருதப்படுகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதால் கணிப்பொறி நலமாக இருக்கிறது என்று பொருளல்ல.

மூன்றையும் ஒருங்கே காண

2017 மே 12-இல் தொடங்கிய ‘வான்னாக்ரை’ தாக்குதலை இப்போது நாமே வகைப்படுத்திவிடலாம். விண்டோஸ் மென்பொருளின் ஓட்டை வழியே தானாகப் பரவியதால் அது புழு. கோப்புகளைப் பூட்டி 300 டாலர் கேட்டதால் ரான்சம்வேர். சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. இதில் கவனிக்க வேண்டியது ஒரு தேதி. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையே ஏறத்தாழ இரண்டு மாதங்கள். அதைப் போட்டுக்கொண்ட கணிப்பொறிகளுக்குள் புழு அந்த வழியாக நுழைய முடியவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

மூன்று கேள்விகளுக்கும் தனித்தனி மருந்து உண்டு.

நுழைவைத் தடுக்க: இயக்க அமைப்பு கேட்கும் திருத்தங்களை ஒத்திப்போடாமல் நிறுவுங்கள், புழுவுக்கு இதுவே கதவடைப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதை அதை வைத்திருப்போர் நினைவில் கொள்க. தெரிந்தவர் அனுப்பினாலும் ஏ.பி.கே. கோப்பை நிறுவாதீர்கள், அனுப்பியது அவரல்ல, அவர் கைப்பேசியில் புகுந்த தீநிரலாகவும் இருக்கலாம். கேமரா, ரவுட்டர் ஆகியவற்றின் கடவுச்சொல்லை வாங்கிய அன்றே மாற்றுங்கள்.

சேதத்தைக் குறைக்க: முக்கிய ஆவணங்களுக்கும் புகைப்படங்களுக்கும் நகல் எடுத்து, அந்த வட்டைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி வையுங்கள். இணைந்தே இருக்கும் நகலையும் ரான்சம்வேர் பூட்டிவிடும். எந்த நிரலுக்கும் தேவைக்கு மேல் அனுமதி தராதீர்கள். டார்ச் விளக்கு நிரலுக்குக் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி எதற்கு?

ஒளிந்திருப்பதை அகற்ற: வைரஸ் எதிர்ப்பு நிரல் அறிந்த தீநிரல்களை நன்கு பிடிக்கும், புதியவற்றில் தவறவும் கூடும். மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ இதற்கான கருவிகளை இலவசமாக வழங்கி வருகிறது. ஐயம் நீங்காவிட்டால், ஆவணங்களைக் காப்பாற்றிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்து இயக்க அமைப்பைப் புதிதாக நிறுவுவதே உறுதியான வழி.

பணம் போய்விட்டால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். கள்ளர்கள் பணத்தைக் கணக்குவிட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அதற்குள் தகவல் சென்றால் வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. கடவுச்சொற்களையும் பழுதான கைப்பேசியில் மாற்றாமல் வேறு கருவியில் மாற்ற வேண்டும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி பிறர் கணிப்பொறியில் வைரஸைப் புகுத்துவது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

நம் சங்கக் குடும்பங்களில் ஓய்வூதியக் கணக்கைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் பலர். ‘பிள்ளைகள் திட்டுவார்களே’ என்று நடந்ததை இரண்டு நாள் மறைத்து வைப்பதுதான் பல வீடுகளில் பெரிய இழப்பாக முடிகிறது. இளையவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் அவர்களுடன் அமர்ந்து, கைப்பேசியில் எந்தெந்த நிரலுக்குக் குறுஞ்செய்தி அனுமதி இருக்கிறது என்று பார்த்து, வேண்டாதவற்றை நீக்கிக் கொடுங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகே ஒட்டி வையுங்கள். ஏதாவது நேர்ந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம், உடனே சொல்லுங்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.