கேள்விக்கு இடமில்லாத பில்

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு யூனிட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அவருக்கு வர வேண்டிய பணமோ இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்துத்தான் வருகிறது. வீட்டில் உட்கார்ந்து வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, வீடியோ எடிட்டிங் என்று செய்துகொடுப்பவர்களுக்கும் இதே பாடு. வேலைக்குக் கெடு வைக்கிற நிறுவனம் பணத்துக்குக் கெடு சொல்வதில்லை.

வேண்டுமென்றே இழுத்தடிக்கும் பார்ட்டிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் நேர்மையான இடங்களிலும் பில்கள் நின்றுபோகின்றன. வேலையைக் கொடுத்தவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர், பணத்தை அனுப்பும் அக்கவுண்ட்ஸ் ஊழியர் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் உங்களைப் பார்த்ததில்லை, உங்கள் வேலையையும் பார்த்ததில்லை. அவர் முன்னால் இருப்பது பில் மட்டும்தான். அதில் ஒரு சந்தேகம் வந்தால், கேட்டுத் தெளிந்துகொள்ள அவருக்கு நேரமில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அவருக்கு ஒரு கேள்வியும் எழாதபடி பில் எழுதுவதே பணம் சீக்கிரம் வருவதற்கான முதல் வழி.

வேலையைத் தொடங்கும் முன்

ரேட்டைப் பேசி முடித்த அன்றே அதை எழுத்தில் கொண்டுவாருங்கள். பெரிய ஒப்பந்தப் பத்திரம் தேவையில்லை. "பேசியபடி 12 பக்கக் கையேடு, இரண்டு முறை திருத்தம் உட்பட 60,000 ரூபாய். அட்வான்ஸ் 40 சதவீதம். மீதி, பில் கொடுத்த 15 நாளில்" என்று ஒரு மின்னஞ்சல் போட்டு, "சரி" என்ற பதிலை வாங்கிவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் இந்தப் பதில்தான் உங்கள் பக்கம் நிற்கும்.

அப்போதே நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பர்ச்சேஸ் ஆர்டர் தருவார்களா, பில் யார் பெயருக்கு, எந்த மின்னஞ்சலுக்குப் போக வேண்டும், மாதத்தில் எந்தத் தேதிகளில் பணம் அனுப்புவார்கள்? பல நிறுவனங்கள் மாதத்தில் ஓரிரு நாட்களில் மட்டுமே பணம் போடுகின்றன. அந்தத் தேதிக்கு ஒரு நாள் பிந்திய பில் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். வேலை ஒரு மாதத்துக்கு மேல் நீளுமானால், மொத்தப் பணத்துக்கும் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். பகுதி பகுதியாக முடித்து, பகுதி பகுதியாக பில் போடுங்கள்.

பில்லில் இருக்க வேண்டியவை

உங்கள் பெயர், முகவரி, பான் எண், வரிசையான பில் எண், தேதி, வாடிக்கையாளரின் சட்டபூர்வமான முழுப் பெயர், பர்ச்சேஸ் ஆர்டர் எண், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் பில் திரும்பி வரும். கடைப் பெயர் வேறு, கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

வேலையைப் பற்றிய விவரம் தெளிவாக இருக்கட்டும். "டிசைன் சார்ஜ்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எந்த வேலை, எத்தனை பக்கம், எந்தத் தேதியில் கொடுத்தது, யார் ஒப்புக்கொண்டார் என்று எழுதுங்கள். ஜாப் ஒர்க் செய்பவர்கள் டெலிவரி சலான் எண்ணையும் பீஸ் கணக்கையும் பில்லில் குறித்து, கையெழுத்து வாங்கிய சலான் நகலைச் சேர்த்து அனுப்ப வேண்டும். சலானில் ஒரு எண்ணிக்கை, பில்லில் வேறொரு எண்ணிக்கை என்றால் அந்த பில் நகரவே நகராது.

கடைசித் தேதியை நாள் கணக்காக எழுதாமல் தேதியாகவே எழுதுங்கள். "30 நாளில்" என்றால் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி வரும். "மார்ச் 20க்குள்" என்றால் வராது.

வரிக் கணக்கை நீங்களே போட்டுக் காட்டுங்கள்

ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் இரு தரப்பு ஜிஎஸ்டி எண்ணும் பிழையில்லாமல் இருக்க வேண்டும். பில் எண் 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. சேவைக்கான பில்லை, சேவை முடிந்த 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். மாதாமாதம் கணக்குக் காட்டுபவர் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யாவிட்டால், வாங்கியவரின் கணக்கில் உள்ளீட்டு வரி வந்து சேராது. அது வரும்வரை பணத்தை, குறைந்தபட்சம் வரித் தொகையையாவது, பிடித்து வைப்பது பல நிறுவனங்களின் வழக்கம்.

சேவை மட்டும் செய்து, ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர் பொதுவாகப் பதிவு பெற வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. "ஜிஎஸ்டி பதிவு இல்லை, ஆண்டு வருவாய் வரம்புக்குள் உள்ளது" என்று பில்லின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் அக்கவுண்ட்ஸில் எழக்கூடிய ஒரு கேள்வி முளைக்காது.

டிடிஎஸ் பிடித்தத்தையும் கணக்கிட்டே காட்டலாம். தொழில்முறைக் கட்டணம் 60,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 10,800, மொத்தம் 70,800. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் 10 சதவீத டிடிஎஸ் 60,000க்கு மட்டும்தான், அதாவது 6,000. உங்கள் கணக்குக்கு வர வேண்டியது 64,800. மொத்தத் தொகைக்கே பிடித்துவிட்டு, பிறகு அதைத் திருத்த அலைவது இதனால் மிச்சமாகும். பான் எண் கொடுக்காமல் விட்டால் 20 சதவீதம் பிடிக்க நேரிடும்.

அனுப்புவதும் கேட்பதும்

வேலையைக் கொடுத்த அன்றோ மறுநாளோ பில் போய்ச் சேர வேண்டும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் போடலாம் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் உங்கள் பணத்தை நீங்களே தாமதப்படுத்தும் நாள். கையால் எழுதியதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதீர்கள். பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலில், அக்கவுண்ட்ஸுக்கும் வேலை கொடுத்தவருக்கும் ஒருசேர அனுப்புங்கள். "பில் கிடைத்ததா, ஏதாவது திருத்தம் வேண்டுமா?" என்று இரண்டு நாளில் கேட்டுவிடுங்கள். பிழையைக் கெடு முடிந்த பிறகு கண்டுபிடித்தால் எல்லாமே முதலிலிருந்து தொடங்கும்.

நம்மில் பலருக்குப் பணம் கேட்கக் கூச்சம். உறவு கெட்டுவிடுமோ, அடுத்த ஆர்டர் வராதோ என்ற அச்சம். செய்த வேலைக்குக் கூலி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. ஆத்திரத்தோடு ஒரு முறை கேட்பதைவிட, முறையாக, தேதி வைத்து, ஒரே நிதானத்தோடு கேட்பதுதான் உறவையும் காக்கும். கெடுவுக்கு மூன்று நாள் முன்பு: "வணக்கம் சார், பில் எண் 27, ரூ.64,800, வரும் 20ஆம் தேதி. பட்டியலில் சேர்ந்துவிட்டதா?" கெடு கடந்த மறுநாள்: "நேற்று வர வேண்டிய தொகை இன்னும் வரவில்லை. எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல முடியுமா?" ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசுங்கள், பேசியதைச் சுருக்கி அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். "பார்க்கலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். தேதி கேளுங்கள்.

சட்டம் தரும் பலம்

2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தைப் பலரும் "45 நாள் சட்டம்" என்றே அறிந்திருக்கிறார்கள். அது பாதி உண்மை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது என்பதே விதி. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். இந்த நாட்கள், பொருளையோ சேவையையோ வாங்கியவர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து தொடங்கும். 15 நாட்களுக்குள் அவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். ஆகவே ஒப்படைத்த தேதிக்கு ஓர் ஆதாரம் எப்போதும் கையில் இருக்கட்டும்.

கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்றால் வட்டி ஆண்டுக்கு 16.5 சதவீதம். இதைவிட வாங்கியவரை அதிகம் யோசிக்க வைப்பது, வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி. குறு, சிறு நிறுவனத்துக்கான பணத்தை இந்தக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். மார்ச் மாதத்தில் ஆடிட்டர்கள் பாக்கிப் பட்டியலைத் துருவுவது இதனால்தான். ஜிஎஸ்டியிலும் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராதவர், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும்.

இவற்றில் ஜிஎஸ்டி விதியைத் தவிர மற்றவற்றின் பலன் கிடைக்க உத்யம் பதிவு அவசியம். அரசு இணையதளத்தில் ஆதார், பான் கொண்டு கட்டணமில்லாமல் பதியலாம். பணம் கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. தனியாக ஒரே ஆளாகச் சேவைத் தொழில் செய்பவரும் பதியலாம். ஆர்டர் எடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள். பின்னால் பதிந்தால் பழைய பாக்கிக்கு அது செல்லுமா என்ற வழக்காடலில் சிக்குவீர்கள். பொருளை வாங்கி விற்க மட்டும் செய்யும் வணிகர்களுக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கும் இந்தத் தாமதப் பாதுகாப்பு இல்லை. உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

இழுத்தடிப்பவரிடம்

நினைவூட்டல்களுக்குப் பதிலே இல்லை என்றால், புதிய வேலையை நிறுத்துங்கள். பழைய பாக்கியை வைத்துக்கொண்டு புது ஆர்டர் கொடுப்பவர், உங்கள் பணத்தில் தன் தொழிலை நடத்துகிறார். பாக்கியை உறுதிசெய்யும் கடிதம் ஒன்றைக் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். பணம் கேட்டு வழக்குத் தொடரப் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலவரம்பு. அது முடிவதற்குள் பெறும் எழுத்துபூர்வ ஒப்புதல் அந்தக் காலத்தைப் புதிதாகத் தொடங்கிவைக்கும்.

அதற்கும் அசையாதவர் மீது, குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் இணையவழி விண்ணப்பிக்கலாம். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்கியவர், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். மன்றத்துக்குப் போகும் முன், வட்டிக் கணக்கோடு ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். சட்டம் தெரிந்தவரின் பாக்கியை முதலில் தீர்க்கத் தோன்றும்.

இந்த வாரமே உங்களுக்கு வர வேண்டிய பாக்கிகளை ஒரு தாளில் எழுதுங்கள்: பார்ட்டி, பில் எண், தொகை, கெடு, எத்தனை நாள் தாண்டியது. நீண்ட நாள் நிற்கும் முதல் மூன்றையும் எடுத்து, அந்த பில்களில் பிழை எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திருத்தி அனுப்புங்கள். இல்லையென்றால் தேதி கேட்டு இன்றே எழுதுங்கள். இதை வாரந்தோறும் ஒரே நாளில் செய்து வந்தால், யார் சொன்ன தேதிக்குக் கொடுப்பவர், யார் இழுப்பவர் என்பது சில மாதங்களில் தெளிவாகிவிடும். அடுத்த ஆர்டருக்கு யாரிடம் எவ்வளவு அட்வான்ஸ் கேட்பது, யாருக்கு மறுப்பது என்று அந்தத் தாளைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.