ஷிப்ட் முடிந்து ஒரு காபி

வேலை போனதும் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடத் தோன்றும். எங்கள் திருப்பாச்சூரில் வாசீஸ்வரர் கோயில் பக்கம் போனால்கூட, “என்னப்பா, இன்னைக்கு டூட்டி இல்லையா?” என்று யாராவது கேட்பார்கள். கம்பெனியில் ஆள் குறைத்தபோது எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஆனாலும் தெரிந்தவர்களை ஒவ்வொருவராகக் காபிக்குக் கூப்பிட ஆரம்பித்தேன். அடுத்த வேலை அப்படித்தான் கிடைத்தது.

நெருங்கிய நண்பர்கள் ஆறுதலாக இருப்பார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த கம்பெனிகள்தான் நமக்கும் தெரியும். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்தவர், ஐடிஐயில் வேறு டிரேடு படித்தவர், மெஷினுக்கு ஸ்பேர் கொண்டுவந்தவர் போன்றவர்களைத் தேடுங்கள். காக்களூர் சிட்கோவிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் எங்கே ஆள் தேவைப்படுகிறது என்பது இவர்கள் காதுக்குத்தான் முதலில் வரும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையிலும் இதைப் பார்க்கலாம். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான், அடிக்கடி சந்திக்கும் ஆளிடமிருந்து அந்தத் தகவல் வந்திருந்தது.

ஷிப்ட் முடிகிற நேரத்தில், நீங்கள் பார்க்க நினைப்பவர் பஸ் இறங்கும் இடத்துக்கே போய்விடுங்கள். அரை மணி நேரம் போதும். காபிக்கு நீங்களே காசு கொடுங்கள். “வேலை இருக்கா?” என்று கேட்டால் “இல்லையே” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் ஒருவரிடம், “அண்ணே, உங்க பிளான்ட்ல சிஎன்சி எல்லாம் ஃபானுக்கா, சீமென்ஸா?” என்றுதான் கேட்டேன். அவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனார். சீமென்ஸ் தெரிந்த ஆள் கிடைக்காமல் பக்கத்து பிளான்ட் தவிப்பது அந்தப் பேச்சில்தான் வெளியே வந்தது. எனக்கு அது பழக்கமான கண்ட்ரோலர்.

இன்னொரு காபியில், தொழிற்சங்க அனுபவமுள்ள பெரியவர் ஒருவர், வேலை இழந்தவர்களுக்கான ஈஎஸ்ஐயின் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தைச் சொன்னார். 2018-இல் வந்த இந்தத் திட்டத்தின் உதவித்தொகை, 2020-இல் சராசரி தினக்கூலியில் பாதியாக உயர்த்தப்பட்டது. அதிகபட்சம் 90 நாட்களுக்கு. நிபந்தனைகள் உண்டு, திட்டம் இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்பதையும் ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை செய்த காலத்தில் இதைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வேலையைப் பற்றி ஒன்றும் தெரியவராத சந்திப்புகளும் இருந்தன. அவையும் வேண்டும். ஆஸ்திரியாவின் மரியந்தாலில் நெசவாலை மூடப்பட்ட பின், அந்த ஊரை ஆராய்ந்தவர்கள் 1933-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கைநிறைய நேரம் இருந்தும் அங்கே நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்களின் நடையே மெதுவாகியிருந்தது. நமக்கும் அப்படி ஆகலாம். ஆனால் நாலு மணிக்கு ஒருவர் காத்திருப்பார் என்றால், காலையிலேயே சவரம் செய்து சட்டையைத் தேய்த்து வைப்போம்.

வேலை கிடைத்ததும் காபி குடித்த எல்லோருக்கும் போன் செய்து சொல்லுங்கள். நான் சொன்னபோது ஒருவர், தன் தம்பிக்கு அப்ரன்டிஸ் இடம் இருக்குமா என்று கேட்டார். மறுநாளே ஹெச்ஆரிடம் விசாரித்தேன்.