சிவப்பு மையில் பச்சை மினுக்கம்

கேள்வி: ஆசிரியராக இருந்த அப்பாவின் ஊற்றுப்பேனையில் கடுஞ்சிவப்பு மை நிரப்பி எழுதுகிறேன். காய்ந்ததும் எழுத்தின் ஓரம் பச்சையாக மினுங்குகிறது. மை பழுதா?
– வாசகர், தொண்டைமானாறு

பதில்: பழுதில்லை. கடுஞ்சிவப்பு மையில் சாயம் மிகச் செறிவாக இருக்கும். வழுவழுப்பான தாள் அதை உறிஞ்சாததால் சாயம் மேலேயே படலமாகக் காய்கிறது. சிவப்புச் சாயம் பச்சை ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். ஆனால் இறுகிய படலமாகும்போது அதே பச்சையை உலோகம்போலத் திருப்பி வீசும். சாதாரண அப்பியாசக் கொப்பியில் எழுதிப் பாருங்கள், மினுக்கம் இராது.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. பல சிவப்பு மைகளுக்கு நிறம் தந்தது ஈயோசின். 1874இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ உருவாக்கிய இந்தச் சாயம் அழகானது, ஆனால் வெளிச்சம் தாங்காது. வான்கோ 1890இல் வரைந்த ‘ஐரிஸ்’ ஓவியமொன்றின் இளஞ்சிவப்புப் பின்னணி இன்று வெள்ளையாகிக் கிடப்பதற்கு ஈயோசின் கலந்த வண்ணமே காரணம். ஈரம் பட்டாலும் இத்தகைய மை கரைந்தோடும். ஆகவே உறுதிப்பத்திரம், கடிதம் எதையும் சிவப்பில் எழுதாதீர்கள்.

இனிப் பேனையின் பராமரிப்பு: அதை இளஞ்சூட்டு நீரில் கழுவலாம், கொதிநீர்தான் ஆகாது. கடலோரக் கிணற்று உவர்நீர் உலர்ந்தால் உப்புப் படியும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரே நல்லது.

உங்கள் ஊர் வெளிக்கள நிலையத்தின் பரீட்சை வினாத்தாள்களுக்கு விடையெழுதி வளர்ந்த தலைமுறைக்கு ஆசிரியரின் சிவப்புக் குறிப்பு எத்தனை பெறுமதியானது! அப்பா திருத்திய தாள்கள் வீட்டில் இருந்தால் வெயில் படாமல் வையுங்கள். இப்போதே நிறப்பிரதியும் எடுத்துவிடுங்கள்.