பல் போன இடத்தில் எதைக் கட்டலாம்? பிரிட்ஜ், இம்ப்ளான்ட், கழற்றி மாட்டும் பல்: ஓர் ஒப்பீடு

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிய பிறகு பலரும் மறுபக்கத்தால் மென்று பழகிக்கொள்கிறார்கள். வலி இல்லாததால் மாதங்கள் ஓடிவிடும். ஆனால் அதற்குள் வாயின் அமைப்பு மாறத் தொடங்கிவிடும். பல் இருந்த இடத்துத் தாடை எலும்பு வற்றும். முதல் ஓராண்டுக்குள் அதன் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறையலாம். அதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே போய்விடும். பின்னால் இருக்கும் பல் வெற்றிடத்தை நோக்கிச் சாயும். எதிர்வரிசைப் பல் முட்டுக்கொடுக்க ஏதுமில்லாமல் மெல்ல நீண்டு வரும். ஆகவே, பல்லை எடுக்கும் நாளிலேயே அடுத்து என்ன என்பதையும் பேசிவிடுவது நல்லது.

அப்படிப் பேசும்போது எல்லோர் கவனமும் பல் போன இடத்தின் மீதே இருக்கிறது. முதலில் கவனிக்க வேண்டியவை அதன் இருபுறமும் நிற்கும் பற்கள். தேர்வின் பெரும்பகுதியை அவையே முடிவு செய்கின்றன.

பிரிட்ஜ்

இருபக்கத்துப் பற்களையும் சுற்றிலும் செதுக்கி, அவற்றின் மேல் கேப் போட்டு, நடுவில் ஒரு செயற்கைப் பல்லை அந்தக் கேப்புகளோடு சேர்த்துப் பொருத்துவதே பிரிட்ஜ். அறுவை சிகிச்சை கிடையாது. இரண்டு மூன்று முறை போய்வந்தால், சில வாரங்களுக்குள் நிலையான பல் கிடைத்துவிடும். நன்கு செய்து நன்கு பராமரித்தால் பெரும்பாலான பிரிட்ஜ்கள் பத்தாண்டுகளைத் தாண்டி நிற்கின்றன.

இதற்குக் கொடுக்கும் விலை, செதுக்கப்படும் பல். முழு கேப்புக்காகப் பல்லின் வெளித்தெரியும் பகுதியில் பாதிக்கும் மேல் போய்விடும். அது திரும்ப வளராது. செதுக்கிய பற்களில் சில, பின்னாளில் வேர் சிகிச்சை வரை போகும். கேப்பின் விளிம்பில் சொத்தை பிடித்தால் ஒரு பல்லுக்காக மூன்று பற்களின் வேலையையும் பிரிக்க நேரிடும்.

பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ, வேர் சிகிச்சையோ, பழைய கேப்போ இருந்தால் கணக்கு மாறுகிறது. அவற்றுக்கு எப்படியும் கேப் தேவைப்படும் என்பதால், அங்கே பிரிட்ஜ் பொருத்தமான தேர்வு. ஒரு பழுதும் இல்லாத இரண்டு பற்களைச் செதுக்க ஒப்புக்கொள்ளும் முன் மட்டும் நன்றாக யோசியுங்கள்.

ஒட்டுப் பிரிட்ஜ்

மேரிலாண்ட் பிரிட்ஜ் என்று சொல்லப்படும் இதில், செயற்கைப் பல்லின் பக்கவாட்டில் மெல்லிய இறக்கை போன்ற தகடு இருக்கும். அதைப் பக்கத்துப் பல்லின் உட்புறத்தில் ஒட்டுவார்கள். செதுக்கல் மிகக் குறைவு. கடியின் அழுத்தம் குறைவாக உள்ள முன்பற்களுக்கு, குறிப்பாக மேல்வரிசையில் நடுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் இடையில் உள்ள பல்லுக்கு, நல்ல தீர்வு. தாடை வளர்ச்சி முடியாத பதின்வயதினருக்கு இம்ப்ளான்ட் வைக்க முடியாது. அவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஒட்டு விட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். கடைவாய்க்கு இது தாங்காது.

இம்ப்ளான்ட்

சுவீடன் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரேனெமார்க், டைட்டானியம் எலும்போடு இறுகப் பிணைந்துகொள்வதைக் கண்டறிந்து, 1965இல் முதன்முறையாக மனிதத் தாடையில் பொருத்தினார். இன்றைய இம்ப்ளான்டுகள் அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சி. வேரின் இடத்தில் திருகு, அதன்மேல் கேப். பக்கத்துப் பற்களைத் தொடவே வேண்டாம் என்பது இதன் பெரும்பலம்.

எலும்போடு பிணைய மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். எலும்பு வற்றியிருந்தால் எலும்பு ஒட்டுச் சிகிச்சையும் சேரும்; செலவும் காலமும் கூடும். கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ஈறு நோய் ஆகியவை தோல்வியை அதிகரிக்கும். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும், வாய் அல்லது கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நோய்ப்படும்.

கழற்றி மாட்டும் பல்

செலவு குறைவு, செதுக்கல் அநேகமாக இல்லை. பல இடங்களில் பற்கள் போயிருந்தாலோ, பக்கத்துப் பற்கள் ஆடினாலோ இதுவே நடைமுறைக்கு ஏற்றது. அக்ரிலிக் செட் ஈறின்மேலேயே உட்காரும். உலோகச் சட்டத்தில் வார்த்த செட், பற்களின் மேலும் தாங்கி நிற்பதால் மெல்ல வசதியானது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். தொடக்கத்தில் பேச்சும் சாப்பாடும் சிரமமாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. அக்ரிலிக் பல்லைக் கம்பியோ பசையோ கொண்டு பக்கத்துப் பற்களோடு ஒரே நாளில் ஒட்டி, ‘ஃபிக்ஸட் பல்’ என்று குறைந்த காசுக்கு முடித்துக்கொடுக்கும் தகுதியற்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதன் அடியில் சுத்தம் செய்யவே முடியாது. ஈறு அழுகி, நல்ல பற்களும் ஆடத் தொடங்கும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கட்டாமல் விடலாமா?

ஞானப்பல்லுக்குக் கட்டவே தேவையில்லை. அதற்கு முன்னுள்ள கடைசிக் கடைவாய்ப் பல் மட்டும் போய், மற்றவை உறுதியாக இருந்தால், அதையும் சிலர் அப்படியே விடலாம். எல்லாப் பற்களும் இல்லாவிட்டாலும் மெல்ல முடியும்; ஜப்பான் 1989இல் தொடங்கிய ‘8020’ இயக்கத்தின் இலக்கே 80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்பதுதான். எதிர்ப்பல் நீளாமல் இருக்கிறதா என்று மட்டும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

உங்கள் நிலைக்கு எது?

• பக்கத்துப் பற்கள் பழுதில்லாதவை, எலும்பும் உடல்நலமும் சரி: இம்ப்ளான்ட்.
• பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே கேப் அல்லது பெரிய அடைப்பு, வேரும் உறுதி: பிரிட்ஜ்.
• முன்பல், இளவயது: ஒட்டுப் பிரிட்ஜ்.
• பின்பக்கம் தாங்கப் பல்லே இல்லை: இம்ப்ளான்ட் அல்லது கழற்றி மாட்டும் பல்.
• பக்கத்துப் பற்கள் ஆடுகின்றன: முதலில் ஈறு சிகிச்சை, பிறகே மற்றது.

செலவை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிரிட்ஜுக்கு வழக்கமாக யூனிட் கணக்கில் கட்டணம். ஒரு பல் போனால் மூன்று யூனிட். மொத்தத் தொகையைக் கேட்டால், இம்ப்ளான்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம். சென்னையில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் செலவு வெகுவாகக் குறையும். பொறுமையாகப் பலமுறை போய்வர வேண்டியிருக்கும்.

மருத்துவரிடம் கேளுங்கள்: பக்கத்துப் பற்களின் வேர் எக்ஸ்ரேயில் எப்படி இருக்கிறது? எவ்வளவு செதுக்குவீர்கள்? எந்தப் பொருள், உலோகத்தின்மேல் செராமிக்கா, ஜிர்கோனியாவா? பழுதானால் அடுத்து என்ன வழி? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை.

எதைக் கட்டினாலும் அதன் ஆயுள் தினசரிச் சுத்தத்தில் இருக்கிறது. பிரிட்ஜின் அடியில் சாதாரண பிரஷ் நுழையாது. அதற்கென உள்ள சிறு இடைப்பல் பிரஷ் அல்லது சூப்பர் ஃப்ளாஸ் கொண்டு தினமும் இரவில் சுத்தம் செய்யுங்கள். அதை எப்படிச் செய்வது என்று, பல்லைப் பொருத்தும் அன்றே கண்ணாடி முன் நின்று செய்துகாட்டச் சொல்லுங்கள்.