ஒரு விண்டோ மட்டும் வெள்ளையாக நின்றால்

உபுண்டுவில் டார்க் தீமுக்கு மாறிவிட்டீர்கள். ஃபைல்ஸ், செட்டிங்ஸ் எல்லாம் கறுத்துவிட்டன. ஒரு செயலி மட்டும் பளீரென்று வெள்ளையாகத் திறக்கிறது. ராத்திரியில் வேலை பார்ப்பவர்களின் கண்ணுக்கு இது பெரிய தொல்லை. ஆனால் உடனே புதுத் தீம்களை இறக்க ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலும் கோளாறு தீமில் இருக்காது.

லினக்ஸில் பட்டனையும் மெனுவையும் வரைவது அந்தச் செயலி எழுதப்பட்ட டூல்கிட். குனோம் செயலிகள் ஜிடிகேயில் எழுதப்பட்டவை, கேடிஇ செயலிகள் க்யூடியில். ஒன்றின் தீம் மற்றதற்குப் புரியாது. அதனால் முதல் வேலை, செயலி எந்த வகை என்று கண்டுபிடிப்பது.

அதற்கு ‘ஓபன்’ கொடுத்து, கோப்பு தேர்ந்தெடுக்கும் பெட்டியைப் பாருங்கள். மேலே ‘லுக் இன்’ என்ற பட்டியலும், அடியில் ‘ஃபைல்ஸ் ஆஃப் டைப்’ என்ற வரியும் இருந்தால் அது க்யூடியின் சொந்தப் பெட்டி. குனோமோடு பேச வைக்கும் இணைப்பு அதற்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரில் ‘ஜிடிகே பிளாட்ஃபார்ம்தீம்’ என்று ஆங்கிலத்தில் தேடினால் க்யூடி 5-க்கும் 6-க்கும் தனித்தனிப் பேக்கேஜ் வரும். இரண்டையும் நிறுவி, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். பெட்டியும் ஐகான்களும் குனோமுக்கு ஏற்ப மாறும். நிறம் மாறுவது செயலியின் க்யூடி பதிப்பைப் பொறுத்தது. பழைய பதிப்பென்றால் செயலிக்குள்ளேயே டார்க் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

லிப்ரெ ஆபீஸுக்கு வழி வேறு. ஹெல்ப் மெனுவில் ‘அபவுட்’ திறந்து ‘விசிஎல்’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் பாருங்கள். ஜிடிகே3 என்று இருந்தால் சரி. எக்ஸ்11 என்றோ ஜென் என்றோ இருந்தால், லிப்ரெ ஆபீஸின் ஜிடிகே3 பேக்கேஜ் விடுபட்டிருக்கிறது; அதை நிறுவினால் போதும். ஃபயர்பாக்ஸில் ஆட்-ஆன்ஸ் பக்கத்தில் ‘சிஸ்டம் தீம்’ தேர்வு செய்யுங்கள்.

ஃபெடோரா போல மாற்றம் செய்யாத குனோமை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2022 மார்ச்சில் வந்த குனோம் 42 முதல் டார்க் என்பது தீம் அல்ல, ஒரு விருப்பக் குறிப்பு. புதிய செயலிகள் அதைப் படிக்கும், பழைய ஜிடிகே3 செயலிகள் பல படிக்காது. ட்வீக்ஸ் நிறுவி, அப்பியரன்ஸ் பகுதியில் ‘லெகசி அப்ளிகேஷன்ஸ்’ என்ற இடத்தில் அத்வைதா-டார்க் வையுங்கள்.

ஃபிளாட்பேக்காக நிறுவிய செயலிக்கு உங்கள் கணினியில் உள்ள தீம் கோப்புகள் கண்ணில் படாது. அதே தீமை ஃபிளாட்ஹப்பிலிருந்து ஃபிளாட்பேக்காகவும் நிறுவ வேண்டும். ரூட் அனுமதியோடு ஓடும் செயலிகள் ரூட்டின் அமைப்பைத்தான் படிக்கும். அவை வேறு மாதிரி தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

ஜிடிகே தீம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை மொத்தக் கணினிக்கும் நிரந்தரமாக வைக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். அது சோதனைக்கென்று வைத்தது. வைத்தால் புதிய செயலிகளில் லைட்-டார்க் மாற்றமே வேலை செய்யாமல் போகும், காரணம் பிடிபடாமல் திண்டாடுவீர்கள்.

குனோமின் லிப்அத்வைதா என்ற நூலகத்தைக் கொண்டு எழுதிய செயலிகளோ வெளித் தீம்களை வேண்டுமென்றே ஏற்பதில்லை. தீம் மாறினால் தங்கள் செயலியின் தோற்றம் உடைகிறது என்று உருவாக்குநர்கள் பலர் 2019-லேயே திறந்த மடல் எழுதினார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தச் செயலிகளில் லைட், டார்க் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வேலையைப் பாருங்கள்.