அச்சுவேலி வெயிலும் லண்டன் சன்கிறீமும்

கேள்வி: நாங்கள் லண்டன், ஹரோவில் இருக்கிறோம். பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஆடி கடைசியில் வெளிக்கிட்டு, அச்சுவேலியில் அம்மா வீட்டில் ஐந்து கிழமை நிற்கப் போகிறோம். மகளுக்கு 14 வயது, முகப்பரு இருக்கிறது. மகனுக்கு 6. நல்லூர், சந்நிதி, கசூரினா கடற்கரை எல்லாம் போகிற எண்ணம். என் கணவர் "எங்கட தோலுக்கு உதொண்டும் தேவையில்லை" என்கிறார். அம்மாவோ, "பிள்ளையள் கறுத்துப் போகப் போகுதுகள், இஞ்ச நல்ல கிறீம் ஒண்டு விக்குது, வாங்கி வைக்கிறன்" என்கிறா. எந்த சன்கிறீம் வாங்குவது? விலை கூடியதுதான் நல்லதா?
- வாசகி, ஹரோ

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி, சகோதரி. எங்கள் தோலிலுள்ள மெலனின் ஓரளவு காக்கிறது. தோல் புற்றுநோயும் வெள்ளைக்காரரோடு ஒப்பிட்டால் எங்களுக்கு மிகக் குறைவு. ஆனால் மிகக் கறுத்த தோலின் மெலனினே எஸ்.பி.எஃப் 13 அளவுக்குத்தான் காக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மண்ணிறத் தோலுக்கு அதைவிடக் குறைவு. வெயில் எங்களுக்குத் தருகிற தொல்லை வேறு வகை: கன்னத்தில் மங்கு, பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் மாறாத கறுப்புத் தழும்பு, தோள்மூட்டு எரிந்து தோல் உரிவது. எதை வாங்குவது என்பதையும் இவற்றை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். அச்சுவேலி பூமத்தியரேகைக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரையில் ஒருமுறை, ஆவணி கடைசியில் இன்னொரு முறை, சூரியன் நடுப்பகலில் நேர் உச்சியில் நிற்கும். நீங்கள் வந்து நிற்பது அந்த இரண்டாவது உச்சியை நெருங்குகிற காலம். லண்டனில் கோடை உச்சத்தில் புறஊதாச் சுட்டெண் 7, 8 என்று நிற்கும். இங்கே வானம் தெளிவாக இருந்தால் 11ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது கடைசிப் படி.

அதோடு அது சோளகக் காற்றுக் காலம். காற்று வியர்வையை உலர்த்திவிடும், வெக்கை பெரிதாகத் தெரியாது. பின்னேரம் கிணற்றடியில் முதல் வாளியை ஊற்றும்போதுதான் முதுகு எரிந்திருப்பது தெரியவரும். வெக்கையை வைத்து வெயிலை மதிக்காதீர்கள், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களை விடக் கட்டையாக இருக்கும் நேரம் ஆபத்தான நேரம். அந்த நாட்களில் அது ஏறத்தாழக் காலை 9 முதல் பின்னேரம் 3 மணி வரை. கடலும் ஊர் சுற்றலும் அதற்கு முன் அல்லது பின். இதைக் கடைப்பிடித்தால் பாதிக் காசு மிச்சம்.

கோயிலுக்கு மட்டும் நேரத்தை நாங்கள் தீர்மானிக்க முடியாது. நல்லூரில் 25 நாள் திருவிழாவில் 24ஆம் நாள் தேர். ஆண்கள் மேலாடை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். கணவருக்கும் மகனுக்கும் தோள், முதுகு, பிடரி, காது மடல் ஆகிய இடங்களில் வீட்டிலேயே, வெளிக்கிட அரை மணி முன்னர் பூசிவிடுங்கள். மகனின் உள்ளங்காலையும் மறக்க வேண்டாம். அங்கே கிறீம் உதவாது. மணல் கொதிக்கும் நேரத்தில் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

இனிக் கடைக்கு வருவோம். எஸ்.பி.எஃப் 30 புறஊதா பி கதிரில் சுமார் 97 வீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 வீதத்தை. 100 என்று எழுதியதற்கு மேலதிகக் காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன். நட்சத்திரத்தைப் பாருங்கள்: பிரித்தானியப் போத்தல்களில் புறஊதா ஏ கதிருக்கான நட்சத்திரக் குறி இருக்கும், நான்குக்குக் குறையக் கூடாது. உங்களுக்கு மங்கு இருந்தால், இரும்பு ஒக்சைட் சேர்த்த நிறமுள்ள கிறீம் நல்லது, ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். எங்கள் முகத்தில் சாம்பல் பூசியது போல வெளிறி நிற்கும் குறையும் அதில் இல்லை.

விலையை விட அளவு முக்கியம். போத்தலில் உள்ள எண், சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெற்றது. வீட்டில் நாங்கள் பூசுவது அதில் பாதி கூட வராது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். வளர்ந்தவரின் முழு உடம்புக்கு 30 மில்லிக்கு மேல் வேண்டும். அதாவது 200 மில்லிப் போத்தல் ஆறு தரம்தான் வரும். விலை கூடிய சின்னப் போத்தலைக் கஞ்சத்தனமாகத் தடவுவதை விட, மலிவான பெரிய போத்தலைத் தாராளமாகப் பூசுவது மேல். இரண்டு மணிக்கு ஒருமுறையும், குளித்துத் துவட்டிய பிறகும் மறுபடி பூச வேண்டும்.

மகள் ஜெல் அல்லது நீர்த்தன்மையான வகையைப் பாவிக்கட்டும். பருவுக்கு லைமெசைக்கிளின், டொக்சிசைக்கிளின், ஐசோட்ரெடினொயின் எதையாவது எடுக்கிறாரா? இவை வெயில் தாங்கும் சக்தியைக் குறைக்கும். தானாக நிறுத்த வேண்டாம், குடும்ப வைத்தியரிடம் பயணத்தைச் சொல்லுங்கள். மலேரியாவுக்கென்று டொக்சிசைக்கிளின் வாங்கி வருபவர்களும் உண்டு. 2016 செப்டெம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. இங்கே பயப்பட வேண்டியது டெங்குக்கு. அந்த நுளம்பு பகலில் கடிக்கும். சன்கிறீமை முதலில் பூசி, அது காய்ந்தபின் நுளம்பு மருந்தைப் பூச வேண்டும்.

மகனுக்குக் கழுத்து மூடிய முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று வாங்குங்கள். கசூரினாவில் ஆழம் குறைவு, அலையும் இல்லை, பிள்ளைகள் மணிக்கணக்கில் ஏறமாட்டார்கள். அரை மீற்றர் ஆழத்திலும் மேற்பரப்பிலுள்ள புறஊதாக் கதிரில் 40 வீதம் இருக்கும். மெல்லிய வெள்ளை ரீசேட் நனைந்தால் பெரிதாகக் காக்காது.

அம்மா சொல்லும் கிறீம் வேண்டவே வேண்டாம். வெள்ளையாக்கும் என்று விற்கப்படும் கிறீம்கள் பலவற்றில் பாதரசமோ கடுமையான ஸ்டீரொயிட்டோ இருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொயிட் தோலை மெலிய வைத்து, பருவை இன்னும் கூட்டும். பிள்ளை கறுப்பது நோயல்ல, அதற்கு மருந்தும் தேவையில்லை. முகத்தில் தேசிக்காய்ப் புளி பூசும் வழக்கத்தையும் தடுத்துவிடுங்கள், அது பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்பளிக்கும். சந்தனம் அரைத்துப் பூச ஆசைப்பட்டால் பூசட்டும். தேங்காயெண்ணெய் இரவில் நல்லது, ஆனால் வெயிலைத் தடுக்காது.

குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது. சவர்க்காரம் நுரைக்காது, தோல் காயும். சவர்க்காரத்தைக் குறைத்து, குளித்த ஈரத்தோடு ஈரப்பதக் கிறீம் பூசுங்கள். வேர்க்குருவுக்குத் தளர்வான பருத்தி உடுப்பும் கலமைன் லோஷனும் போதும்.

போத்தல்களைப் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் சில விமான நிலையங்களில் விடமாட்டார்கள். ஊரில் வெயிலில் நிற்கும் வானுக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் மருந்து கெடும். தோல் கொப்பளித்துக் காய்ச்சலும் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.