நீலச்சுடர்

நுழையும்முன்

வீட்டிலுள்ள கருவி பழுதுபட்டால் அதன் காரணத்தை ஒவ்வொரு படியாக ஆராய்ந்து அறிவது நல்ல அறிவியல் பழக்கம். எரிவாயுவால் வெந்நீர் தரும் கருவியின் இயக்கத்தையும் பழுதுகளையும், கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆபத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

மைசூரும் வெந்நீரும்

மைசூரு நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆதலால் மார்கழி, தை மாதங்களின் காலைப்பொழுதில் அங்குக் குளிர் மிகுதி. பழைய வீடுகளின் குளியலறையில் செம்பு அண்டாவை அடுப்பின்மேல் பதித்து, விறகெரித்து நீரைக் காய்ச்சினர். அந்த அண்டாவைக் கன்னடத்தில் 'ஹண்டே' என்பர். தீபாவளிக்கு முதல்நாள் அதனைத் துலக்கி, அழகுபடுத்தி, நீர் நிரப்புவதை 'நீரு தும்புவ ஹப்ப', அதாவது 'நீர் நிரப்பும் திருநாள்' என்று கன்னட மக்கள் கொண்டாடுகின்றனர். மறுநாள் விடியலில் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் நீராடுவது தமிழர்க்கும் கன்னடர்க்கும் பொதுவான வழக்கம்.

விறகடுப்பு புகையும், கண் எரியும், உடனே மக்கள் சன்னலைத் திறப்பர். இன்று பல வீடுகளில் அண்டாவின் இடத்தைக் 'கேஸ் கீசர்' பிடித்துள்ளது. இதில் புகை இல்லை. அதுவே இதன் வசதி; அதுவே இதன் ஆபத்தும் ஆகும்.

கருவி இயங்கும் முறை

குழாயைத் திறந்ததும் நீர் கீசருக்குள் பாய்கிறது. நீரின் அழுத்தம் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. அதனால் ஒரு சிறு சுவிட்சு இயங்கி, பேட்டரியின் மின்சாரத்தைச் செலுத்துகிறது. 'டிக் டிக்' என்னும் ஓசையுடன் தீப்பொறி தோன்றுகிறது, எரிவாயுவின் வழியும் திறக்கிறது, சுடர் பற்றுகிறது. சுடருக்கு மேலுள்ள செம்புக் குழாய்களில் ஓடும் நீர் உடனே சூடாகிறது. ஆகவே நீர், தீப்பொறி, எரிவாயு, காற்று ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் கீசர் செம்மையாக எரியும். பழுதைத் தேடும்போதும் இந்த வரிசையையே நினைவில் கொள்ள வேண்டும்.

பழுதுகளும் காரணங்களும்

1. ஓசையே எழவில்லை: குழாயில் நீர் மெலிதாக வருகிறதா என்று முதலில் காண வேண்டும். மாடித் தொட்டி போதிய உயரத்தில் இல்லாவிட்டாலும், நீர் நுழையுமிடத்தில் உள்ள வடிகட்டியில் அழுக்கு அடைத்தாலும் அழுத்தம் குறையும். நீர் விசையுடன் வந்தும் ஓசை இல்லையெனில், பேட்டரிகள் தீர்ந்திருக்கக்கூடும். பெரும்பாலான கீசர்களில் 1.5 வோல்ட் பெரிய பேட்டரிகள் இரண்டு இருக்கும். அவற்றை மாற்றினாலே பல வேளைகளில் குறை தீர்ந்துவிடும்.

2. ஓசை எழுந்தும் சுடர் பற்றவில்லை: எரிவாயு வரவில்லை என்பது இதன் பொருள். சிலிண்டர் தீர்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் மூடியிருக்கலாம். புதிய சிலிண்டர் மாட்டியவுடன் குழாயில் காற்று நிறைந்திருப்பதாலும் சிறிது தாமதம் ஏற்படும்.

3. சுடர் இடையில் அணைகிறது: இது எப்போதும் பழுதன்று. தொடர்ந்து 20 நிமிடம் எரிந்தால் தானே அணையும் பாதுகாப்பு அமைப்பு பல கீசர்களில் உண்டு. நீரின் விசை குறைந்தாலும் சுடர் அணையும்.

4. நீர் போதிய சூடு ஏறவில்லை: நீர் மிக வேகமாக ஓடினால் சூடேற நேரம் கிடைக்காது, நீரின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். மைசூரு நகருக்குக் காவிரியிலிருந்தும் கபினியிலிருந்தும் குடிநீர் வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளிலோ, செம்புக் குழாய்க்குள் உப்பு படிந்து சூட்டைத் தடுக்கக்கூடும். இதனைப் பழுதுபார்ப்பவரே நீக்க வேண்டும்.

5. எரிவாயு மணம் வீசுகிறது: எல்.பி.ஜி. இயல்பில் மணமற்றது. கசிவை அறிவதற்காகவே அதில் எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளைக் கலக்கின்றனர். மணம் வந்தால் எந்த மின்சுவிட்சையும் தொடலாகாது, தீக்குச்சியும் உரசலாகாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, 1906 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

6. சுடர் மஞ்சளாக எரிகிறது: நல்ல சுடர் நீலமாக இருக்கும். மஞ்சள் சுடர், எரிவாயு முழுமையாக எரியவில்லை என்பதற்கு அடையாளம். உடனே கீசரை நிறுத்திவிட வேண்டும்.

பழுதில்லாத கருவியின் ஆபத்து

மேற்கூறிய பழுதுகள் யாவும் கண்ணாலோ, காதாலோ, மூக்காலோ, தொட்டோ அறியத்தக்கவை. அறிய இயலாதது ஒன்று உண்டு. மூடிய குளியலறைக்குள் கீசர் எரியும்போது அறையிலுள்ள ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகிறது. அப்போது எரிவாயு அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எல்.பி.ஜி.யில் கலந்த மணம் கசிவை மட்டுமே உணர்த்தும். எரிந்தபின் தோன்றும் இந்த நஞ்சை உணர்த்தாது. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிணைப்புடன் இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியன தோன்றும். எழுந்து கதவைத் திறப்பதற்குள் மயக்கம் வந்துவிடும். மைசூரு மாவட்டத்திலும் பெங்களூரிலும் இவ்வாறு உயிர்கள் பறிபோன செய்திகளை நாளிதழ்கள் வெளியிட்டுள்ளன.

இதற்குப் புதிய பேட்டரியும் தீர்வன்று. புதிய சிலிண்டரும் தீர்வன்று. கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவருவதே தீர்வு. குளியலறைக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து, கீசரை அணைத்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, 108 எண்ணை அழைக்க வேண்டும். ஓடாத கீசரால் ஒருநாள் குளியல் தடைப்படும். தவறான இடத்தில் நன்றாக ஓடும் கீசரால் உயிரே போகும்.

அருஞ்சொற்பொருள்

துலக்குதல் – தேய்த்துத் தூய்மை செய்தல்
புலப்படாத – தெரியாத
சவ்வு – மெல்லிய தோல் போன்ற பகுதி
குருதி – இரத்தம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'நீரு தும்புவ ஹப்ப' என்பதன் பொருள் யாது?
2. ஓசை எழுந்தும் சுடர் பற்றாமைக்குரிய காரணங்கள் யாவை?
3. எரிவாயு மணம் வீசினால் செய்யத் தகாதவை யாவை?

ஆ. சிந்தித்து எழுதுக.
விறகடுப்பின் புகை ஒருவகையில் காவலாகவும் இருந்தது எனலாமா? காரணம் கூறுக.

இ. மொழியோடு விளையாடு.
பால் – ஹாலு, பல் – ஹல்லு என்பன போலத் தமிழில் பகரத்திலும் கன்னடத்தில் ஹகரத்திலும் தொடங்கும் மூன்று சொல் இணைகளைக் கண்டறிந்து எழுதுக.

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கேஸ் கீசர் எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்பதைப் பெரியவர் துணையுடன் கண்டு, ஐந்து தொடர்களில் எழுதுக. அது குளியலறைக்குள் இருந்தால் இப்பாடத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுக.